மன்னிச்சா மறியல் எதுக்கு?

கேள்வி (திருகோணமலை): எங்கட பங்கு இளையோர் கூட்டத்துக்கு மரணதண்டனைதான் தலைப்பு. "கொலைகாரனை மன்னிச்சா பிறகு மறியல் எதுக்கு?" எண்டு பெடியள் கட்டாயம் கேப்பாங்கள். என்ன சொல்றது?

பதில் 1: மன்னிப்பையும் தண்டனையையும் போட்டுக் குழப்பாதேங்கோ. லூக்கா 23இல இயேசுவோட சிலுவையில தொங்கின நல்ல கள்வனுக்குப் பேரின்ப வீடு உறுதி, ஆனா சிலுவையால இறக்கேல்லை. தண்டனை நியாயம் எண்டு அவனே சொல்றான். பாவசங்கீர்த்தனத்திலயும் மன்னிப்போட பரிகாரம் இருக்குத்தானே.

பதில் 2: ஆரும் உரோமையர் 13:4ஐத் தூக்குவினம், தீமை செய்யிறவனைத் தண்டிக்க அதிகாரி ஏந்துற வாளைப் பற்றின வசனம். தட்டிக்கழிக்காம வாசியுங்கோ. கத்தோலிக்க மறைக்கல்வி (திருச்சபையின்ர போதனைத் தொகுப்பு) 2267ம் இலக்கத்தை 2018இல பாப்பரசர் பிரான்சிஸ் மாத்தினவர்: மரணதண்டனை ஏற்கமுடியாதது. பழைய பதிப்போட போனா மாட்டுப்படுவீங்கள். சமூகத்தைக் காக்க வேற வழியில்லாட்டி அந்தப் பழைய பதிப்பில அனுமதி இருக்கு. மெதடிஸ்த பிள்ளையள் வந்தா வேதத்தில நிண்டு கதையுங்கோ, மறைக்கல்வி அவையைக் கட்டுப்படுத்தாது.

பதில் 3: நாட்டுச் சட்டத்தையும் சொல்லுங்கோ. தீர்ப்பு இப்பவும் குடுக்கினம், 1976க்குப் பிறகு தூக்கு இல்லை. குடும்பம் மன்னிச்சாலும் கொலை வழக்கைச் சமாதானமா முடிக்கேலாது. மன்னிப்பு சனாதிபதியின்ர கையில, அரசியலமைப்பு 34ம் உறுப்புரை. முதல்ல வழக்கை விளங்கின நீதிபதியின்ர அறிக்கை, பிறகு சட்டமா அதிபரின்ர ஆலோசனை, கடைசியா நீதி அமைச்சரின்ர சிபாரிசு.