புதுப்பிப்பு: தாம்பரத்துக்கே டிக்கெட் எடுத்தேன்

போன மாதம் புலம்பியிருந்தேன்: எனக்குத் திக்குவாய், ‘தாம்பரம்’ வாயில் வராமல், அதைத் தாண்டிய பெருங்களத்தூருக்கு டிக்கெட் எடுத்து வழியில் இறங்குகிறேன் என்று.

நேற்று சொல்லிவிட்டேன். ‘தா’ நான்கு முறை வந்தது. நடத்துநர் காத்திருந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

பாடிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு: பாடும்போது திக்கல் பெரும்பாலும் மறைவது உண்மைதான். அதற்காக நடத்துநரிடம் ராகம் இழுக்க முடியுமா?

ஒன்றை மட்டும் இழக்க மனமில்லை. வராத சொல்லுக்கு மாற்றுத் தேடியே வளர்ந்தவன் நான். ‘கஷ்டம்’ தொண்டையில் அடைத்தால் சிரமம். அதுவும் அடைத்தால் இடர், அல்லல், இன்னல். நிகண்டு படித்த பையன் என்று தமிழாசிரியர் நம்பினார். இன்று மொழிபெயர்ப்பில் சோறு போடுவது அந்தத் திருட்டுத்தனம்தான்.

நாளை திரும்பும்போது ‘கிண்டி’. ‘கி’ இன்னும் மோசம்.