'அகாக்' என்றால் ஆவலா, பதற்றமா?

காட்பாடி_ரயிலடி:
வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாதிரித் தாளின் ஆங்கிலப் பகுதியில் 'அகாக்' (agog) என்று ஒரு வார்த்தை வந்தது, அதற்கு நான் 'பதற்றம்' என்று குறித்தேன், விடைத்தாளில் 'ஆவல்' என்று இருக்கிறது. கோச்சிங்கில் கேட்டால், டெமகாக் (மக்களைத் தூண்டிவிடும் தலைவன்), பெடகாக் (வாத்தியார்) எல்லாம் இதே குடும்பம், கிரேக்கச் சொல், மனப்பாடம் பண்ணிக்கோ என்று முடித்துவிட்டார்கள். தலைவனுக்கும் ஆவலுக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

குடியாத்தம்_வாத்தியார்:
தம்பி, அந்தக் கிரேக்கக் கதையை விட்டுவிடுங்கள். பெடகாக்கில் வருவது 'அழைத்துச் செல்பவன்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்தான். அந்தக் காலத்தில் பையனைக் கையோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அடிமைக்கு அந்தப் பெயர், வாத்தியார் என்ற அர்த்தமெல்லாம் அப்புறம் வந்தது. அகாக் வேறு வழி. பழைய பிரெஞ்சில் 'ஆன் கோக்' என்பார்கள், கும்மாளமும் குஷியுமாக இருக்கும் நிலை. அதுதான் ஆங்கிலத்துக்கு வந்து 'எப்போ எப்போ' என்று துள்ளும் ஆவலாக மாறியது என்று அகராதிகள் காட்டுகின்றன. ஓசை ஒன்றாக இருப்பதால் உறவு என்று நினைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்திருக்கிறீர்களா? முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகக் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும், வழியில் மாடியிலும் திண்ணையிலும் நிற்கிற சனம் எட்டி எட்டிப் பார்க்கும், தோளில் இருக்கிற குழந்தைகூட கழுத்தை நீட்டும், மே மாத வெயில் யாருக்கும் உறைக்காது. அந்தக் கூட்டம் அகாக். பயம் துளியும் கிடையாது. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, அதற்கு இந்த வார்த்தை பொருந்தாது.

ஆம்பூர்_தோல்பட்டறை:
சார் சொன்னது சரி. ரிசல்ட் காலைக்கு ஆங்கிலத்தில் 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' (on tenterhooks) என்பார்கள், தேர்வில் இதையும் சேர்த்துக் கேட்பான், பார்த்து வையுங்கள். நிறைய பேர் முதல் பாதியை மென்மை என்ற பொருளில் வரும் 'டெண்டர்' (tender) என்று எழுதித் தொலைக்கிறார்கள். அது 'டென்டர்' (tenter), கம்பளித் துணியைத் துவைத்து இழுத்துக் காய வைக்கிற மரச்சட்டம். அதில் வரிசையாக வளைந்த ஆணிகள் இருக்கும், அதுதான் ஹூக்ஸ். லத்தீனில் 'நீட்டி இழு' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது கண்ணால் பார்த்த வேலை. டாகிளிங் பிரிவில் ஈரத்தோலை ஓட்டை போட்ட தகட்டின் மேல் விரித்து, ஓரமெல்லாம் கிளிப் மாட்டி, விறைப்பாக இழுத்துச் சூட்டில் காய வைப்பார்கள். தளர்வாக விட்டால் சுருங்கிவிடும், தோல் சதுர அடிக் கணக்கில் விலை போவதால் சுருங்கினது அத்தனையும் நஷ்டம். திருப்பூர்ப் பக்கம் துணிக்கு இதே வேலையைச் செய்கிற மெஷினை ஸ்டென்டர் என்பார்கள். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டின தோலாட்டம் மனசு கிடப்பதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. நாம் 'முள்மேல் நிற்கிறேன்' என்போமே, ஏறக்குறைய அதே.

காட்பாடி_ரயிலடி:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். அப்படியென்றால் 'அகாக் கூட்டம்' என்று கூட்டத்துக்கு முன்னாடி போட்டு எழுதலாமா? பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இந்த மாதிரிதான் மாட்டிவிடுகிறார்கள்.

குடியாத்தம்_வாத்தியார்:
எழுதாதீர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அது பெரும்பாலும் வராது. 'கூட்டம் அகாக்காக இருந்தது' என்கிற வரிசையில், வினைக்குப் பின்னால்தான் உட்காரும். முன்னால் 'ஆல்' சேர்த்து 'ஆல் அகாக்' என்பதும் உண்டு. பின்னால் 'வித்' போட்டு உற்சாகத்தைச் சொல்லலாம், 'டு' போட்டு எதைக் கேட்கவோ பார்க்கவோ துடிக்கிறார்கள் என்று சொல்லலாம். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில், அ-காக். இன்டர்வியூவில் முதல் எழுத்தை இழுத்துவிடாதீர்கள்.