‘நம் வீட்டார்’ குழுவில் ஒரு ஞாயிறு: கபிலனின் ஆவிப்படகு

கபிலன், காலை 7:40
அனைவருக்கும் வணக்கம். விடுமுறையில் செய்வதாகச் சொன்ன ஆவிப்படகை நேற்று இரவு செய்து முடித்தேன். பெரிய மாமா கொடுத்த 3 மில்லிமீட்டர் செம்புக் குழாயைப் பேனாவின் மேல் நான்கு சுற்றுச் சுற்றி, பால் அட்டைப்பெட்டியில் செய்த படகில் பொருத்தி, இரு முனைகளையும் பின்பக்கத்துத் துளைகளின் வழியே நீருக்குள் இறக்கியிருக்கிறேன். ஆனால் சுருளுக்கு அடியில் மெழுகுவர்த்தி பத்து நிமிடம் எரிந்தும் படகு நின்ற இடத்திலேயே நிற்கிறது. என்ன தவறு என்று யாராவது சொல்லுங்கள்.

பெரிய மாமா, காலை 7:52
கபிலா, முதலில் சுருள் நன்றாக ஆறட்டும், அதுவரை தொடாதே. ஏற்றுவதற்கு முன் குழாய்க்குள் நீர் நிரப்பினாயா? வெறும் குழாயைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறுமே தவிர, ஆவியாவதற்கு அங்கே நீர் இருக்காது. சைக்கிள் வால்வு ரப்பர் ஒரு துண்டு எடுத்து, அதன் வழியாகச் சிரிஞ்சைக் குழாயின் ஒரு முனையில் மாட்டி நீரைச் செலுத்து. மறுமுனையில் நீர் கம்பியாக ஒழுக வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகு, முனைகளை விரலால் அடைத்தபடியே படகைத் தொட்டியில் வை.

கபிலன், காலை 8:31
நீங்கள் சொன்னபடியே செய்தேன், மாமா. ஆனால் மறுமுனையில் நீர் கம்பியாக வரவில்லை. சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. பலமாக அழுத்தினால் ரப்பர் கழன்று நீர் என் முகத்திலேயே அடிக்கிறது.

பெரிய மாமா, காலை 8:36
அப்படியானால் குழாய் நசுங்கியிருக்க வேண்டும், அல்லது உள்ளே எதுவோ அடைத்திருக்க வேண்டும். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே என்ன போட்டாய்?

கபிலன், காலை 8:38
வாசலில் கொட்டியிருந்த ஆற்று மணலைச் சலித்துப் போட்டேன். வளைத்த பிறகு ஊதி வெளியேற்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரிய மாமா, காலை 8:47
மணல் போட்டது சரியான வேலைதான்; நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வளைத்தேன். ஆனால் 2 மில்லிமீட்டர் துளைக்குள் இறுகிய மணல் ஊதினால் வராது, நான்கு சுற்றுக்குள் கம்பியும் நுழையாது. இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி நீரைச் செலுத்திக்கொண்டே, மரக்கரண்டியின் காம்பால் சுருளை மெல்லத் தட்டு. அடியில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்துக்கொள், என்ன வருகிறது என்று தெரியும்.

அடுத்த முறை மணலுக்குப் பதிலாகத் தூள் உப்பை நிரப்பு. வளைத்த பிறகு வெந்நீரில் போட்டு வைத்து, நீரைச் செலுத்தினால் கரைந்து போய்விடும். உப்பு போடுவதற்கு முன்பே குழாயைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து எடுத்துவிட வேண்டும். எஃகை அப்படிச் செய்தால் இறுகும்; செம்போ இளகும், அதன் பிறகு கை சொன்னபடி வளையும். காய்ச்சுகிற வேலை மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும்.

சித்தி, காலை 9:05
கபிலா, நீர் முகத்தில் அடித்தது குளிர்ந்த குழாயிலிருந்து என்பதால் போயிற்று. மெழுகுவர்த்தி எரியும்போது ஒருபோதும் அந்த முனைக்கு நேராகக் குனிந்து பார்க்காதே. வருவது கொதிநீர்.

கபிலன், காலை 10:22
வந்துவிட்டது! முதலில் பழுப்பு நிறத்தில் கலங்கல் நீர் வந்தது. பிறகு மூன்று முறை திருப்பித் தட்டியதும் கடுகளவு மணல் கட்டி ஒன்று தட்டில் விழுந்து உடைந்தது. அதன் பின் நீர் நேராகக் கம்பியாக ஒழுகியது. படகைத் தொட்டியில் வைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினேன். அரை நிமிடத்தில் நீர்ப்பரப்பு பின்புறம் நடுங்கியது, படகு தானாக நகர்ந்தது. ஆனால் கால்வாசி தூரம் போனதும் நின்றுவிட்டது.

அக்கா (கோவை), காலை 10:30
அருமை, தம்பி! நிற்கும்போது எடுத்த படம் இருந்தால் போடு. முகப்பு அமுங்கிப் பின்பக்கம் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கபிலன், காலை 10:34
ஆம், அக்கா, தூக்கித்தான் இருக்கிறது. ஒரு குழாயின் முனை நீருக்கு மேலே தெரிகிறது. மெழுகுவர்த்தியை முன்னால் வைத்ததால் இருக்குமோ?

அக்கா (கோவை), காலை 10:41
அதேதான். முனை வெளியே வந்த கணமே நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், துடிப்பு நின்றுவிடும். சுருளையும் மெழுகுவர்த்தியையும் சேர்த்து இரண்டு விரற்கடை பின்னால் நகர்த்து. முனைகள் ஒரு சென்டிமீட்டராவது மூழ்கியிருக்கட்டும். சுடரின் நுனி சுருளின் அடியைத் தொட்டால் போதும். சுருள் சுடருக்குள் மூழ்கியிருந்தால் கரி படியும். கரி படிந்த செம்பு சூட்டைச் சரியாக வாங்காது.

கபிலன், காலை 11:15
தாத்தா, எனக்கு ஒரு கேள்வி. ஆவி நீரை வெளியே தள்ளும்போது படகு முன்னே போகிறது, சரி. ஆனால் அதே குழாய்தான் நீரை மறுபடியும் உள்ளே இழுக்கிறது. அப்போது படகு பின்னால் வர வேண்டாமா?

தாத்தா, காலை 11:40
இந்தக் கேள்வியை நீயாகவே கேட்டதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி, கபிலா. அதே மெழுகுவர்த்தியை மேசையில் ஏற்றி வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து ஊதிப் பார், அணைந்துவிடும். மறுபடி ஏற்றி, அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்துப் பார். எவ்வளவு பலமாக இழுத்தாலும் சுடர் அணையாது.

ஊதும்போது காற்று உன் உதட்டுக்கு நேராக ஒரே தாரையாகப் போகிறது. இழுக்கும்போதோ மேலிருந்தும் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறது. உன் படகின் குழாயிலும் இதுவே நடக்கிறது. சுருளில் உள்ள நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிய முயல்வதால், குழாயில் மீதியிருக்கும் நீர் பின்னோக்கித் தாரையாகப் பாய்கிறது. படகு முன்னே தள்ளப்படுகிறது. ஆவி குழாயின் குளிர்ந்த பகுதியை எட்டியதும் மறுபடி நீராகச் சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, சுற்றிலும் உள்ள நீர் எல்லாத் திசைகளிலிருந்தும் புகுகிறது. அதனால் படகு பின்னால் இழுக்கப்படுவதில்லை. இத்தனைக்கும் அதில் ஒரு வால்வோ பிஸ்டனோ கிடையாது.

கபிலன், காலை 11:58
ஊதியும் இழுத்தும் பார்த்தேன், தாத்தா. தங்கையும் செய்தாள். சுடர் சற்றே சாய்ந்ததே தவிர அணையவில்லை.

பெரிய மாமா, பிற்பகல் 1:10
நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது ரதவீதிக் கடையில் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த தகரக் கப்பல் நினைவுக்கு வருகிறது. சின்னத் தகரக் கரண்டியில் எண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி போட்டு உள்ளே நுழைத்தால், அண்டா முழுக்க ‘டபடப’ என்று சத்தமிட்டுக்கொண்டே சுற்றும். அம்மா அந்தச் சத்தத்துக்காகவே சமையலறையிலிருந்து வந்து நிற்பார்.

கபிலன், பிற்பகல் 1:16
என் படகு ஏன் சத்தமிடவில்லை, மாமா?

அக்கா (கோவை), பிற்பகல் 1:34
மாமாவின் கப்பலில் சுருள் இருந்திருக்காது, தம்பி. மேல்பக்கம் மெல்லிய உலோகத் தகடு போர்த்திய தட்டையான சிறு கொதிகலன் இருந்திருக்கும். ஆவி உண்டாகும்போது தகடு மேலே உப்பும், சுருங்கும்போது கீழே அமுங்கும். அந்த அடிதான் சத்தம். பிரெஞ்சுக்காரரான தாமஸ் பியோ 1891-இல் பிரிட்டனில் காப்புரிமை கோரிய படகில் ஒரு சிறு கொதிகலனும் இரண்டு குழாய்களும் இருந்தன. தகடு வைத்த வகைக்கு அமெரிக்காவில் சார்லஸ் மெக்ஹ்யூ 1915-இல் விண்ணப்பித்தார். உன்னுடையது போன்ற சுருள் வகை 1920-இல் வந்தது. தகடு ஒட்டும் வேலை கடினம், சிறிது கசிந்தாலும் ஓடாது. முதல் படகுக்கு நீ சுருளைத் தேர்ந்தெடுத்தது நல்லதே.

கபிலன், மாலை 4:48
சுருளைப் பின்னால் நகர்த்தியதும் படகு நிற்காமல் ஓடுகிறது. வட்டமடித்ததால் கவனித்தேன், ஒரு முனை இடப்பக்கம் திரும்பியிருந்தது. இரண்டையும் நேராக்கிய பிறகு நான்கு அடித் தொட்டியை 31 நொடியில் கடந்தது, கரியைத் துடைத்த பிறகு 24 நொடி. இன்னும் வேகமாகப் போக ஒரு முனையை மெழுகால் அடைத்துவிட்டால், முழு விசையும் மறுமுனை வழியாகவே வருமல்லவா?

தாத்தா, மாலை 4:53
கூடாது, கபிலா. அந்த இரண்டு முனைகளும் திறந்திருப்பதால்தான் உன் கையில் இருப்பது விளையாட்டுப் பொருளாக இருக்கிறது. ஒன்றை நீ அடைத்து மற்றொன்றை ஒரு மணல் துணுக்கு அடைத்துக்கொண்டால், ஆவிக்கு வெளியேற வழியே இருக்காது, குழாய் வெடிக்கும். இன்று காலை உன் குழாய் எப்படி அடைபட்டிருந்தது என்று நினைத்துப் பார். வேகம் வேண்டுமென்றால் படகின் எடையைக் குறை, முகப்பைக் கூராக்கு. குழாயை அடைப்பதில்லை என்று இந்தக் குழுவிலேயே எனக்கு வாக்குக் கொடு.

கபிலன், மாலை 4:57
வாக்குக் கொடுக்கிறேன், தாத்தா. அடைக்க மாட்டேன்.

பெரிய மாமா, மாலை 5:05
நல்ல பிள்ளை. செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து இன்னும் ஒரு முழம் குழாய் கொண்டுவருகிறேன்.

கபிலன், மாலை 5:08
இரண்டு முழம் வேண்டும், மாமா. தங்கையும் ஒரு படகு செய்யப் போகிறாளாம். அவள் படகு சிறியது. மூன்று சுற்றுப் போதுமா என்று கேட்கச் சொல்கிறாள்.

பெரிய மாமா, மாலை 5:10
மூன்று தாராளமாகப் போதும். உப்பை மட்டும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்.