கண் பிரசர்: உங்கள் வீட்டில் எப்படித் தெரிய வந்தது?

குளக்கட்டு:
அப்பாவுக்குக் குளுக்கோமா, அதாவது கண் நரம்பு பழுதாகிப் பார்வை போகிற வருத்தம் என்று போன மாதம்தான் சொன்னார்கள். பேப்பரில் மரண அறிவித்தல் வரை ஒன்றும் விடாமல் வாசிக்கிற மனிசன். பரந்தனில் சைக்கிளில் வரும்போது இடப்பக்கமாக வந்த மாட்டோடு மோதினார், மாட்டைத்தான் ஏசினார். வெண்புரையாக்கும் என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கிண்ணம் மாதிரி ஒரு மெசினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு டிக், டிக் என்று அழுத்தினார். இடது கண்ணுக்கு மாற்றியதும் சத்தமே இல்லை. கொஞ்சம் பொறுத்து, தலையை எடுக்காமலே கேட்டார்: "பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையோ?"

மிஸி என்னைப் பார்த்தா. தொடங்கி இரண்டு நிமிசம்.

போன பார்வை திரும்பாதாம். இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து. ஒரு தலைவலியாவது வந்திருந்தால் முன்பே போயிருப்போம்.

மாங்குளத்தான்:
தலைவலிக்குக் காத்திருந்தால் இப்படித்தான். நோவே இருக்காது, ஓரப் பார்வைதான் முதலில் போகும். தலைப்பில் 'பிரசர்' என்று போட்டதும் பிழை. எனக்குக் கண் பிரசர் 17தான். இருபத்தொன்று வரை பயமில்லை என்று கண்ணாடிக் கடையில் அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு டொக்டர் மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, உள்ளே நரம்பைப் பார்த்துத்தான் பிடித்தார்.

வன்னிமகள்:
நோவே இருக்காது என்று அடித்துச் சொல்லாதீர்கள் மாங்குளத்தான். என் மாமிக்கு இரவு ஒரே சத்தி, தலை பிளக்கிற இடி. கோழிக்கறியில் பழியைப் போட்டு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தோம். "லைட்டைச் சுத்தி வானவில் நிக்குது" என்றா. சிரித்தோம். விடியப் பார்த்தால் கண் இரத்தச் சிவப்பு. கண்ணுக்குள் தண்ணி வடிகிற வழி திடீரென்று அடைபடுகிற வகையாம். உடனே ஓடியிருக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் மாமா:
என் கதை சின்னது. 2009 இல் அடிபட்ட கண், ஆறிவிட்டது என்றிருந்தேன். பன்னிரண்டு வருசம் கழித்து அதிலேதான் பிரசர். அடிபட்ட கண்ணுக்கு அப்படிப் பிந்தியும் வருமாம்.

சரி, சொட்டு விடுகிறவர்களுக்கு. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிசம் விரலால் அமத்துங்கோ. இரண்டு மருந்தென்றால் இடையில் ஐந்து நிமிசம் விடுங்கோ. மூச்சு இழுப்பு இருந்தால் டொக்டரிடம் முதலே சொல்லுங்கோ, டைமோலோல் என்கிற சொட்டு ஆகாது. கண்கடிக்கென்று பார்மசியில் ஸ்டீரொயிட் சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய; அதுவே பிரசரைக் கூட்டும். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம், நாற்பதுக்குப் பிறகு கட்டாயம் காட்டுங்கோ. குளக்கட்டு, நீங்கள் பார்த்தாச்சா?

குளக்கட்டு:
பார்த்தாச்சு மாமா. இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருசம் ஒருக்கா வரச் சொன்னார்கள். அண்ணாவுக்கு 46. செவ்வாய் போகிறேன் என்கிறார். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.