சின்ன வயசுல பட்ட காயம்: நீங்க நேர்ல பார்த்ததைச் சொல்லுங்க

ஏற்காடு, ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:

எங்க மையத்துக்கு வந்த பாப்பா ஒண்ணு. பெத்தவங்க ரெண்டு பேருக்கும் காபித் தோட்டத்துல வேலை. மூணு வயசு வரைக்கும் வாய் ஓயாது. திடுதிப்புனு பேச்சு நின்னு போச்சு. மத்தியானம் படுக்க வெச்சா தூங்காது, கதவையே பார்த்துக்கிட்டுக் கிடக்கும். எடை சரியா இருக்கு, தடுப்பூசியும் விடாம போட்டாச்சு. கதவைப் பார்க்குறதை எந்தக் கட்டத்துல எழுதறது? பதிவேட்டு ஓரத்துல பென்சில்ல எழுதி வெச்சேன். ஆய்வுக்கு வந்த மேடம் அழிக்கச் சொல்லிட்டாங்க. விசாரிச்சா, அப்பன் தினம் குடிச்சுட்டு வந்து பாப்பாவோட அம்மாவை அடிக்கிறான். "பாப்பா மேல கையே வெக்கலைங்களே"ங்குது பாட்டி. கடைசியில அந்தப் பொண்ணு புள்ளையத் தூக்கிக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிருச்சு, பாப்பாவுக்குப் பேச்சும் வந்துச்சு. எங்க துறைக்கு அதுல ஒரு பங்கும் இல்ல.

சேலம், ஆற்றுப்படுத்துநர் (பிள்ளைங்களுக்கு மனநல ஆலோசனை சொல்றவர்):

அக்கா, அந்தப் பாட்டி சொன்னதையேதான் படிச்சவங்களும் சொல்றாங்க. ஆனா பாப்பா மேல கை வெக்கலைன்னாலும் அது காயம்தான். அமெரிக்காவுல ஃபெலிட்டி, ஆண்டாங்கற டாக்டருங்க குழு 1998ல வெளியிட்ட ஆய்வுல சின்ன வயசுக் கஷ்டங்களை 7 வகையாப் பிரிச்சாங்க. அம்மா அடி வாங்குற வீட்டுல வளர்றது ஒரு வகை, வீட்டுல குடி இன்னொண்ணு. உங்க பாப்பாவுக்கு மூணு வயசுலயே ரெண்டு ஆச்சு. நாலோ அதுக்கு மேலயோ இருந்தவங்களுக்கு, பெரியவங்களான பிறகு குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சிக்கெல்லாம் வாய்ப்பு, ஒண்ணுமே இல்லாதவங்களை விட 4 முதல் 12 மடங்கு. (அது அந்த ஊர்க் கணக்கு, நம்ம மலைக்கு அப்படியே பொருந்தும்னு சொல்லல.) எங்ககிட்ட பிள்ளைங்க வர்றது குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாராவது போன் போட்ட பிறகு, இல்ல பாலியல் கொடுமைன்னு போக்சோ வழக்கு ஆன பிறகு. அதுக்குள்ள எட்டாவது, ஒன்பதாவது வந்துடறாங்க.

ஓமலூர்:

எங்க பக்கத்துப் பொம்பளைங்களுக்கு இது புதுசில்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாம்னு நினைக்கிற பிள்ளைய அரசுத் தொட்டில்ல விட்டுடலாம்னு 1992ல தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்துலதான் ஆரம்பிச்சாங்க. உயிரைக் காப்பாத்துன திட்டம், குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது தங்கச்சி பொறந்தா, வீட்டுக்கு வரல. "கொடுத்தாச்சு"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் ரெண்டாவது தரம் சோறு கேக்கவே மாட்டேன், செலவு வெச்சா என்னையும் கொடுத்துருவாங்கன்னு பயம். பள்ளிக்கூடத்துல அதுக்கு "அடக்கமான பொண்ணு"ன்னு பேரு! தொட்டில்ல விட்ட பிள்ளைக்குப் பால் கொடுத்தாங்க, தத்துக்குக் குடும்பம் தேடினாங்க. வீட்டுல மிஞ்சின பிள்ளைய ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. ஒரு நர்ஸம்மா வந்து என்கூட அஞ்சு நிமிஷம் பேசியிருக்கலாம். சேலத்துத் தம்பி, இன்னைக்கு அப்படி ஒரு அக்கா இருந்தா உங்க ஆபீஸ்ல அவளை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.