மூன்று நாள் நிறுத்தினால் கார் எழும்புதில்லை, பற்றரி புதிது. உதவி தேவை

உவர்மலைவாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ரொயோற்றா கொரோலா 121 கார். வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகவும், கோணேசர் கோயிலுக்கும், எப்போதாவது நிலாவெளிப் பக்கமும் போகத்தான் காரை எடுப்பது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ சத்தம் மட்டும். கராஜில் பார்த்தவுடனேயே "பற்றரி முடிஞ்சுது" என்றார்கள். புதிதாக 45 அம்பியர்-அவர் (அது பிடிக்கும் சார்ஜின் அளவு) பற்றரி போட்டேன். பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே டக் டக். பக்கத்து வீட்டு அண்ணாவின் வானில் இருந்து ஜம்பர் வயர் கொடுத்து எழுப்பினோம். இதுவரை நாலு தரம் இப்படி. தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை, மூன்று நாள் நின்றால் போச்சு. இப்போது அல்ரநேற்றரை, அதாவது எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுவதை, மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் வீட்டில் ஏதும் பார்க்கலாமா? மல்ரிமீற்றர் ஒன்று இருக்கிறது. அதை வைத்து சுவர் பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

கண்டிவீதி ஓட்டோ:
இதற்கு மீற்றர் எதற்கு? எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரி வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்றால் அல்ரநேற்றர் பழுது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பார்த்தோம்.

சீனன்குடா மெக்கானிக்:
தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஓடுகிற எஞ்சினில் பற்றரியைக் கழற்றினால் வோல்ற் ஒரேயடியாகத் துள்ளும். அந்தக் காலத்து வண்டிகள் தாங்கின. 121 இல் கொம்பியூற்றர் இருக்கிறது. அது எரிந்தால் பற்றரி விலை, அல்ரநேற்றர் விலை எல்லாம் சில்லறைக் காசு போலத் தெரியும்.

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. தினமும் ஓட்டினால் சரி என்றால் சார்ஜ் ஏறுகிறது என்றுதான் நினைக்கிறேன். நிற்கும்போது எங்கோ ஒழுகுகிறது. ஆனாலும் அளக்காமல் சொல்ல மாட்டேன், உங்களுக்கு ஏற்கனவே அப்படித்தான் ஒரு பற்றரி விற்றிருக்கிறார்கள்.

மீற்றரை டிசி 20 வோல்ற்றில் வையுங்கள். கறுப்பு வயர் கொம் (COM) என்று எழுதிய துளையில், சிவப்பு வோல்ற் துளையில். இரவு நிறுத்திய காரில், காலையில் எதையும் திறக்கும் முன் பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் பட்டினி. ஓட்டி வந்த உடனே அளக்காதீர்கள், அப்போது கூடுதலாகக் காட்டும், ஏமாந்து விடுவீர்கள். பிறகு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் ஓடும்போது அளந்து பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். ஹெட்லைற், ஏசி எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழே போகக் கூடாது.

உப்புவெளி அக்கா:
எங்கள் வீடு கடற்கரையில் இருந்து இரண்டு நிமிட நடை. பற்றரி முனையில் பச்சை வெள்ளையாகப் பூத்து நின்றது, அதனால்தான் எங்கள் கார் இழுக்கவில்லை. அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிப் பழைய பல் தூரிகையால் தேய்த்தேன், நுரைத்துக்கொண்டு போனது. காய்ந்த பிறகு வாசிலின் பூசினேன். முதலில் மைனஸ் வயரைத்தான் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதுதான் கடைசி. மறந்து பிளஸ் பக்கம் ஸ்பானரை வைத்து, அது காரின் இரும்பு உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

சீனன்குடா மெக்கானிக்:
அக்கா சொல்வது சரி, எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அது மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் பூத்த முனை கரண்டைத் தடுக்கும், பற்றரியைக் குடித்து முடிக்காது. தம்பிக்கு நடப்பது வேறு.

உவர்மலைவாசி:
அளந்துவிட்டேன். மூன்று நாள் நின்ற பிறகு 11.7. பக்கத்து வீட்டு அண்ணா மறுபடியும் வான் கொண்டு வந்தார், இனி அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14.2. லைற், ஏசி போட்டால் 13.9. அப்படியென்றால் அல்ரநேற்றர் நல்லதா? பற்றரியில்தான் குறையா? புதிதும் பழுதாக வரலாம் என்கிறார்களே.

சீனன்குடா மெக்கானிக்:
அல்ரநேற்றருக்குக் காசு வீணாக்காதீர்கள். பற்றரியில் சந்தேகம் என்றால் மீற்றரே வேண்டாம். முழுதாகச் சார்ஜ் பண்ணி, மைனஸ் வயரைக் கழற்றி அப்படியே மூன்று நாள் விடுங்கள். நாலாம் நாள் பூட்டி ஸ்ரார்ட் பண்ணுங்கள். எழும்பினால் பற்றரி நல்லது, கார்தான் கள்ளன். எழும்பாவிட்டால் பற்றரியில் குறை. பற்றரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ற் அளவில். ஒன்று செத்தால் எவ்வளவு சார்ஜ் பண்ணினாலும் 10.5 பக்கம் வந்து நின்றுவிடும், அதையும் கவனியுங்கள்.

உவர்மலைவாசி:
மூன்று நாள் கழற்றி வைத்தேன். 12.6 இலேயே நின்றது. பூட்டியதும் ஒரு சுழற்றில் எழும்பியது! றேடியோவும் மணிக்கூடும் அழிந்துபோனது மட்டும்தான் நட்டம்.

கண்டிவீதி ஓட்டோ:
சரி சரி, கார்தான் கள்ளன். இனி ஒவ்வொரு இரவும் வயரைக் கழற்றுங்கள், செலவே இல்லை 😄

சீனன்குடா மெக்கானிக்:
இனித்தான் கவனம். நிற்கும்போது கார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பார்ப்போம். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றுங்கள், சுற்றுக் குமிழையும் டிசி அம்பியருக்கு. சாவி வெளியே. நாலு கதவும் மூடியிருக்க வேண்டும், பொனற் மட்டும் திறந்து. மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பற்றரி முனைக்கும் நடுவில் மீற்றரைப் போடுங்கள். மீற்றர் இருக்கும்போது ஸ்ரார்ட் பண்ணவே கூடாது, உள்ளே பியூஸ் போய்விடும். பூட்டியவுடன் கூடக் காட்டும், பயப்படாதீர்கள். அரை மணி நேரம் பொறுங்கள், காருக்குள் இருப்பவை தூங்கப் போகட்டும். அதன் பிறகு 50 மில்லி அம்பியருக்குள், அதாவது 0.05க்குள் வந்தால் நல்ல கார்.

இன்னொன்று: வேலை முடிந்ததும் சிவப்பு வயரைத் திரும்ப வோல்ற் துளைக்கு மாற்றுங்கள். மறந்து அப்படியே பற்றரியில் வோல்ற் பார்த்தால் ஷோர்ட் ஆகும். என் மீற்றர் ஒன்றை அப்படித்தான் கொன்றேன்.

உவர்மலைவாசி:
முதலில் 2.8 காட்டியது, நெஞ்சு பக்கென்றது. பார்த்தால் பின் கதவு ஒன்று சரியாக மூடவில்லை. மூடிவிட்டுப் பிளேன்ரீ குடித்து வந்து பார்த்தால் 0.45. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். டோம் (உள் கூரை லைற்) என்று எழுதியதைக் கழற்றியதும் 0.03! ஆனால் அந்த பியூஸில் உள் லைற், றேடியோ, இன்னும் என்னென்னவோ தொங்குகிறதே? உள் லைற் அணைந்துதான் இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். றேடியோவைத்தான் கழற்ற வேண்டுமா?

சீனன்குடா மெக்கானிக்:
கொஞ்சம் பொறுங்கள். 0.45 இல் இருந்து 0.03 போனால் 0.42. அதை 12 வோல்ற்றால் பெருக்குங்கள், 5 வற்ஸ். ஐந்து வற்ஸ் பல்ப் ஒன்று எங்கோ எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் டிக்கி.

மூடிய டிக்கிக்குள் போனை வீடியோ எடுக்கவிட்டு ஒரு நிமிடம் வையுங்கள். 0.42ஐ 24 மணியால் பெருக்கினால், ஒரு நாளைக்கு 10 அம்பியர்-அவர் போகிறது. 45 இல் மூன்று நாளில் 30 போனால் டக் டக்தான், கணக்கும் பொருந்துகிறது.

உவர்மலைவாசி:
வீடியோ முழுக்க வெளிச்சம்! எங்கள் சித்திரைக் கஞ்சிப் பானை ஒன்று அங்கே கிடந்தது, கோயில் தீபம் போல மினுங்கியது. டிக்கிப் பூட்டில் இருக்கும் சுவிற்ச் துருப்பிடித்து இறுகிவிட்டது, மூடினாலும் அணையவில்லை. இப்போதைக்குப் பல்பைக் கழற்றி எடுத்துவிட்டேன். தொட்டபோது சூடாக இருந்தது, ஒரு தரம் டிக்கியைத் திறந்ததும் தொட்டுப் பார்த்திருந்தாலே போதும் போல. மீற்றர் இப்போது 0.03.

உப்புவெளி அக்கா:
கடற்காற்று செய்த வேலை. இதில் நான் சொன்னதும் கொஞ்சம் சரிதானே?

சீனன்குடா மெக்கானிக்:
சரிதான் அக்கா. தம்பி, புதுப் பற்றரி ஐந்து தரம் அடிமட்டம் வரை போயிருக்கிறது, அது அதற்கு நல்லதல்ல. உள்ளே இருக்கும் ஈயத் தகட்டில் சல்பேற் உப்புப் படிந்திருக்கும். மெதுவான சார்ஜரில் ஒரு இரவு முழுக்கப் போடுங்கள், கிட்ட நெருப்புக் கொண்டு போகாதீர்கள், வாயு வரும். வெயில் காலத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பலவீனம் வெளியே தெரியும், அப்போது ஸ்ரார்ட் பண்ணும் நேரத்தில் வோல்ற்றைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் திரும்ப எழுதுங்கள்.

பழைய பற்றரி எங்கே?

உவர்மலைவாசி:
மாற்றுக்கு எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள்.

கண்டிவீதி ஓட்டோ:
அது இப்போது யாருடைய காரிலோ நல்லாய் ஓடிக்கொண்டிருக்கும் 😄

உவர்மலைவாசி:
அதை நினைக்கவே வேண்டாம் என்று இருந்தேன் அண்ணா.