ஊட்டிக்குத் திருமண நாள் பயணம்: மலைப்பாதையில் மகளுக்கு வாந்தி, வழி சொல்லுங்கள்

வரும் டிசம்பரில் எங்கள் திருமண நாளை ஊட்டியில் கொண்டாட இருக்கிறோம். ஆனால் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதுமே, நான்கு வயது மகளுக்கு முகம் வெளிறி, வாயில் உமிழ்நீர் ஊறி, காரிலேயே வாந்தி வந்துவிடுகிறது. ஒன்றரை வயது மகன் மடியை விட்டு இறங்கமாட்டான் என்பதால் இருவரையும் ஒருசேரச் சமாளிப்பது கடினம்.

மருத்துவர் தந்த மருந்து, இரண்டு இட்லியோடு நிறுத்திய காலை உணவு, அடிக்கடி வண்டியை நிறுத்தி இறங்குவது என எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். காலை 7.10 மணிக்குக் கிளம்பும் மலை ரயில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தின் பிடியில் மெதுவாக ஏறுவதால் அவளுக்கு ஏற்றதாக இருக்கும் என்று நம்பினோம். பயணச்சீட்டோ காத்திருப்போர் பட்டியலிலேயே நிற்கிறது. அறை பதிவு செய்தாயிற்று. பிள்ளைகள் பிறந்த பிறகு வெளியூரில் கொண்டாடும் முதல் திருமண நாள் என்பதால் தள்ளிப்போட மனமில்லை.

இந்த வயதுக் குழந்தைகளுடன் இரு வழிகளிலும் காரில் சென்றவர்கள் சொல்லுங்கள்: குன்னூர் சாலையைவிடக் கோத்தகிரி சாலை அவளுக்கு எளிதாக இருக்குமா?